சனிக்கிழமை ஆறு மணி முறை

அக்டோபர் 13, 2018, சனி

ரை ரொட்டி இன்றைக்கும் பாதியில் நின்றுவிட்டது. மென்று தின்னத் தொடங்கும்போது தாடை என்னுடையதாக இருக்கிறது. ஏழெட்டு முறை மென்றதும் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையால் தாடையை மேலே தள்ளி மிச்சத்தை விழுங்கினேன். காபியில் நனைத்தால் இறங்குகிறது. பல் போன கிழவர்கள் செய்வது அது. எனக்குப் பல் எல்லாம் இருக்கிறது.

புதன்கிழமை முதல் புது மாத்திரை. அஸாதியோப்ரின். டாக்டர் மெர்வி படம் வரைந்து காட்டினார். நரம்பு ஒரு பக்கம், தசை ஒரு பக்கம், நடுவில் ஓர் இடுக்கு. "உங்க எதிர்ப்பு சக்தி இந்த எடத்த எதிரின்னு நெனச்சு அடிச்சுக்கிட்டிருக்கு. அத அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. ஆனா மெதுவாத்தான் வேலை செய்யும். ஆறு மாசம். சில பேருக்கு ஒரு வருஷம்."

அதுவரை?

"அதுவரைக்கும் ஸ்டீராய்டு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ பழைய மாத்திரை. வாரா வாரம் ரத்தம் குடுங்க. இருமுறவங்க பக்கத்துல நிக்காதீங்க. சௌனா வேண்டாம். சூடு இந்த வியாதிக்கு ஆகாது."

கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். அவரும் இந்த நாட்டுக்காரர்தானே, நீராவிக் குளியலிலேயே வளர்ந்தவர்.

இருபத்தெட்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். காவல் படையே திரும்பி அரண்மனையைக் கொளுத்துவதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அப்போதெல்லாம் அரசன் முட்டாள் என்றுதான் சொன்னேன்.

இன்று சனி. ஆறு மணி என் முறை. அடித்தளத்துச் சௌனா இந்தக் கட்டடத்து முப்பத்தாறு வீட்டுக்கும் பொது. சனி மாலை ஆறு மணி அதில் சிம்மாசனம். ஒன்பது வருடம் பட்டியலில் காத்திருந்து வாங்கினேன், பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். விவாகரத்தில் என் மகள் ஹில்லாவின் அம்மா படகை எடுத்துக்கொண்டாள். நான் சனி ஆறு மணியை.

குடியிருப்போர் சங்கத்தின் விதி, பிரிவு ஒன்பது: மூன்று மாதம் குளிக்காமல் விட்ட முறை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். குளித்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி, அவருக்கு அடுத்த மணிக்காரர்.

எனக்கு அடுத்த மணிக்காரரும் பட்டியலில் முதல் ஆளும் ஒருவரேதான். இரண்டாம் மாடி இல்போ. எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஏழு மணிக்குச் சௌனாவுக்குள் இருந்தால் ஏழு மணிச் செய்தி போய்விடுகிறதாம். உலகம் அவருடைய கருத்துக்காகக் காத்திருக்கிறது பாருங்கள். பதினோரு வருடமாக, ஒரு சனி தவறாமல், ஆறு ஐம்பதுக்கே வந்து கதவை ஆட்டுகிற மனிதர். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். சங்கத்துக்கு நான்கு கடிதம் எழுதியாயிற்று. ஐந்தாவதைப் பொதுக்கூட்டத் தீர்மானமாகவே கொடுத்துவிட்டேன்: தம் முறைக்கு முன்பாக யாரும் சௌனா நடைவழியில் வந்து நிற்கக் கூடாது.

மருந்துக்கு ஆறு மாதம். விதிக்கு மூன்று மாதம்.

இன்று போகவில்லை. முதல் சனி.

அக்டோபர் 20, சனி

போனேன். உள்ளே அல்ல, உடை மாற்றும் அறைக்கு மட்டும். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கதவில் தொங்கும் தாளில் என் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு மர பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்புக் கற்கள் எனக்காகச் சூடாகிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம், கல்யாண வீட்டு வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவனைப் போல.

ஆறு ஐம்பதுக்குக் கதவு ஆடியது. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!" கடைசி வார்த்தை மூக்கு வழியாக வந்தது.

"என்ன வாத்தியாரே, சளியா?" என்றார் வெளியிலிருந்து.

அக்டோபர் 28, ஞாயிறு

கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற நாள். அரசாங்கம் ஒரு மணி நேரம் இனாமாகக் கொடுத்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்ய?

நவம்பர் 1, வியாழன்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளையணுக்கள் இறங்குகின்றன, அதுதான் நல்ல செய்தியாம். நான் பலவீனமாகிறேன், எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் குமட்டல். ஸ்டீராய்டால் முகம் ரொட்டி மாவு போல உப்பியிருக்கிறது. இடது இமை மதியத்துக்குமேல் அரைக்கம்பக் கொடி. யாருக்குத் துக்கம் அனுசரிக்கிறதோ!

ஸாமுலி போன் செய்தான். தலைமையாசிரியர். பன்னிரண்டு வருடம் முன்னால் அந்த நாற்காலிக்கு நானும் மனுப் போட்டேன். அவன் என் மாணவன். வாட்டர்லூ எந்த ஆண்டு என்று மூன்று முறை தப்பாக எழுதியவன்.

"அவசரமே இல்ல தோர்ஸ்தி. உடம்பப் பாருங்க. வசந்த பருவத்துக்கும் மாத்து ஆசிரியர் போட்டாச்சு."

போட்டாச்சு. போடலாமா என்றுகூட இல்லை.

பதில் சொல்ல வாயெடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தில் குரல் கரைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவன்போல ஆகிவிட்டது. "லைன் சரியில்ல போல" என்று சொல்லி வைத்துவிட்டான். இரக்கப்பட்டானா, தப்பித்தானா? இரண்டும்தான் இருக்கும்.

நாற்பத்தைந்து நிமிடம் நிற்காமல் பேசிய குரல் அது. கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

நவம்பர் 11, ஞாயிறு. தந்தையர் தினம்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

ஹில்லா தாம்பெரே நகரத்திலிருந்து வீடியோவில் அழைத்தாள். மாலை நேரம், என் முகத்துக்கு மிக மோசமான நேரம். "அப்பா, ஒரு விஷயம். நீங்க தாத்தா ஆகப் போறீங்க. மே மாசம்."

சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். திரையின் மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் என் முகம் தெரிந்தது. உதட்டின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. நடு உதடு மட்டும் தூக்கி, பல் தெரிய... உறுமும் நாய். ஏளனம் செய்கிறவன்.

அவள் முகம் விழுந்தது. "ஏன்பா அப்படி இளிக்கிறீங்க? இதுக்குமா?"

"இல்லம்மா, தசை..." என்று தொடங்கினேன். 'சை'க்கு மேல் வரவில்லை.

"வேண்டாம்பா. எனக்குத் தெரியும். அம்மா சொன்னாங்க, சொல்லாத, அவருக்கு எதுலயும் குத்தம்தான்னு."

வைத்துவிட்டாள்.

யார் நம்புவார்கள்? அவளுடைய கல்லூரியை, அவளுடைய காதலனை, அவன் கிதார் வாசிப்பை, எல்லாவற்றையும் நான் பல்லைக் காட்டி ஏளனம் செய்திருக்கிறேன். ஐம்பத்து நான்கு வருடம் வேண்டுமென்றே செய்ததை இப்போது முகம் தானாகவே செய்கிறது.

நவம்பர் 24, சனி

ஏழு மணிக்கு நான் வெளியே வரும்போது இல்போ வழியை விடவில்லை. தோளில் துண்டு, கையில் ஒரு பாட்டில் பீர், காலில் வீட்டுச் செருப்பு.

"வாத்தியாரே, ஒன்னு கேக்கணும். போன வாரமும் பலகை காஞ்சு கெடந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும். ஒரு மணி நேரம் மனுஷன் உக்காந்து வேர்த்த பலகை அப்பிடி இருக்காதே. நீங்க என்ன, காத்துல மெதந்துகிட்டுக் குளிக்கிறீங்களா?"

"என் முறையில் நான் எப்படிக் குளிக்கிறேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்" என்று சொல்ல நினைத்தேன். வந்தது பாதி. அதுவும் மூக்கில்.

அவர் தலையைச் சாய்த்து என் இமையைப் பார்த்தார். "டாக்டர் வேண்டாம்னுட்டாரா?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் சுத்தமாக வந்தது.

டிசம்பர் 1, சனி

அகப்பையால் பலகைமேல் தண்ணீர் ஊற்றினேன். கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான்கு அகப்பை, மூடிவிட்டேன். திறந்த அந்தக் கணத்தில் சூடு முகத்தில் அடித்தது. சூடான பலகையும் பிர்ச் மரத் தழையும் கலந்த வாசனை. ஏழு வாரம். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முதுகலைப் பட்டம் பெற்ற நான், என் திருட்டு வேலையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6, வியாழன். சுதந்திர தினம்

ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். முதலாவதை ஏற்றிவிட்டேன். இரண்டாவதற்குள் கை இறங்கிவிட்டது. எதிர்க் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் இரண்டிரண்டு.

டிசம்பர் 12, புதன்

வாய்க்குள் புண். நெஞ்சில் ஏதோ சளி கட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் அஸாதியோப்ரின் மாத்திரைகளை மேசையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக விழுங்குகிறேன். என்ன மாறியிருக்கிறது? ரொட்டி முன்பு பாதி, இப்போது கால்வாசி. எந்தக் கிருமிக்கும் என் வீடு திறந்து கிடக்கிறது, எந்தத் தசையும் திரும்பி வரவில்லை. இன்னும் நாலு மாசம் பொறுங்கன்னா, எதுக்குப் பொறுக்கணும்? யாருக்காக? பள்ளிக்கூடத்துல என் எடத்துல இன்னொருத்தன் நிக்கிறான். பொண்ணு பேசறதில்ல.

ஸ்டீராய்டை நிறுத்தினால் செத்துவிடுவேன் என்று தெரியும். அதைப் போட்டேன். மற்றதை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை. கேட்கவும் ஆளில்லை.

டிசம்பர் 15, சனி

இல்போ கண்டுபிடித்துவிட்டார்.

"பலகை நனைஞ்சிருக்கு, சரி. ஆனா எப்பிடி நனைஞ்சிருக்கு? நடுவுல ஒரே எடத்துல குட்டை கட்டி நிக்குது. பூந்தொட்டிக்கு ஊத்துறாப்புல ஊத்திருக்கீங்க. செவுத்துல ஈரமே இல்ல. ஆவி எழும்பவே இல்ல வாத்தியாரே. நான் முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டுனவன். டிக்கெட் எடுக்காதவன் மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுரும்."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஜனவரி பதிமூணோட மூணு மாசம். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். சங்கத்துல கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், அம்புட்டுத்தான்." பிறகு, படியில் ஏறப்போன என்னைப் பார்த்து: "வாத்தியாரே, முடியலேன்னா முடியலேன்னு சொல்லிருங்களேன். அதுல என்ன கேவலம்?"

கேவலமாம். பஸ் டிரைவர் எனக்குக் கற்பிக்கிறார்.

டிசம்பர் 22, சனி, மாலை ஐந்து மணி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி சனி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. நெஞ்சில் சளி குறையவில்லை. பரவாயில்லை.

இன்று உள்ளே போகிறேன். மேல் பலகையில் உட்கார்வேன். கற்கள் சீறும்வரை ஊற்றுவேன். ஏழு மணிக்கு அந்த ஆள் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ஜனவரி 9, 2019, புதன். ஆஸ்பத்திரி

எழுத்து கோணலாக இருக்கிறது. பேனாவைப் பிடிக்க முடிவதே நேற்றிலிருந்துதான்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். பத்து வாரமாகக் கல்லாய் இருந்த முதுகு உருகியது. அழுதேன் என்று நினைக்கிறேன். வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. மூன்றாவது அகப்பையை ஊற்றியபோது அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். தலை முன்னால் தொங்கியது, தொங்கியபடியே நின்றுவிட்டது. கழுத்து தூக்கவில்லை. இமைகள் மூடிக்கொண்டன. எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. மூச்சு மட்டும் தொண்டை அளவுக்கு வந்து வந்து திரும்பியது. நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள், அது நான்தான்.

எத்தனை நேரம்? தெரியாது. சரி, இப்படியா, என்று நினைத்தேன். பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அம்மணமாக, தலை தொங்கி, ஒரு சனி ஆறு மணிக்காக.

கதவு ஆடியது.

பதினோரு வருடம் கத்திய வாக்கியம். கத்தினேன். காற்றுகூட வரவில்லை.

மீண்டும் ஆடியது. பிறகு அமைதி. போய்விட்டார் என்று நினைத்தேன்.

"வாத்தியாரே, திட்டுங்க."

கதவு மூன்றாவது முறை ஆடியது.

"ஒரு தடவ திட்டிருங்க, நான் போயிடறேன்."

பிறகு மரம் பிளக்கும் சத்தம். எழுபத்தொரு வயது ஆள், தோளால் இரண்டே இடியில் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டாராம். என்னை அக்குளில் பிடித்துப் படிப்படியாக இறக்கி, நடைவழிச் சிமெண்டுத் தரையில் கிடத்தினார். அந்தக் குளிரில்தான் இடது இமை கொஞ்சம் திறந்தது. முதலில் தெரிந்தது அவருடைய செருப்பு. தன் துண்டை என்மேல் போட்டுவிட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "ஆமாம்மா, மூச்சு இருக்கு! இருக்குன்னா இருக்கு, பெரிசா ஒன்னும் இல்ல!"

தொண்டைக்குள் குழாய், பதின்மூன்று நாள் இயந்திரத்தின் மூச்சு. ஐந்து முறை ரத்தத்தை வெளியே எடுத்து வடித்துத் திரும்பச் செலுத்தினார்கள்.

டாக்டர் மெர்வி நேற்று வந்தார். அதட்டவில்லை. "சூடு மட்டும் இல்ல. நெஞ்சுல தொற்று ஏற்கனவே இருந்துருக்கு." ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிக்கொண்டே, "மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார். ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. பத்து விரலைக் காட்டினேன். அந்தச் சனிக்குப் பத்து நாள் முன்னால்.

"அப்ப மறுபடி மொதல்லேர்ந்து எண்ணுவோம்" என்றார். அவ்வளவுதான். வசை பாடியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இல்போ வழக்கத்தை விட்டு ஏழு மணிக்கு வந்திருந்தால் நான் இல்லை. அதையும் சொன்னார்கள்.

ஜனவரி 13, ஞாயிறு

ஹில்லா வந்தாள். முகமூடி, கையுறை, வயிறு. கையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கையேடு. ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். ஒரு பெண்ணின் படம். என்னைப் போலவே உறுமிக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: நோயாளி சிரிக்க முயலும்போது.

"அப்பா, அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

அவள் அழுதாள். எனக்கு அழத் தெம்பில்லை. அவள் போன பிறகு யோசித்தேன். உண்மையிலேயே சிரித்தேனா? சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு படத்தைக் காட்டித்தான் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இன்றோடு விதிப்படி மூன்று மாதம். ஆம்புலன்சில் முடிந்த குளியலைச் சங்கம் கணக்கில் சேர்க்காது.

பிப்ரவரி 2, சனி

வீட்டில். இரண்டு மாடி ஏற மூன்று இடத்தில் நின்றேன். மதியம் அழைப்பு மணி. திறந்தால் இல்போ, நான்கடி தள்ளி, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"கிட்ட வர மாட்டேன். பேரன் இருமிக்கிட்டுப் போனான். உங்க ஒடம்புல காவல் இல்லேன்னு பொண்ணு சொல்லுச்சு."

ஹில்லா இவரிடம் பேசியிருக்கிறாள்.

"ஒங்க ஆறு மணி பத்தரமா இருக்கு. சங்கத்துக்காரன் வந்து கேட்டான், வாத்தியாரு குளிக்கிறாரான்னு. அவரு மொறையில நான் விருந்தாளின்னேன். வாரா வாரம் பலகைய நனைச்சு வச்சிருக்கேன். ஒங்கள மாதிரி பூந்தொட்டிக்கு இல்ல. செவுத்துல ஊத்தி, கல்லுல ஊத்தி, முறையா."

"பொய் சொல்ல மாட்டேன் என்றீர்களே?" முழு வாக்கியமும் வந்தது, மெதுவாக.

"விருந்தாளின்னுதான் சொன்னேன். கூப்பிட்டீங்களா இல்லையான்னு அவன் கேக்கல. நாங்க சாவோ ஊருக்காரங்க வாத்தியாரே. சொல்றது எங்க வேலை. புரிஞ்சுக்கறது கேக்கறவன் பொறுப்பு."

நன்றி சொல்லவில்லை. இப்போதும் அவர்மேல் கோபமாக இருக்கிறது. யார் கேட்டார்கள்? விட்டிருந்தால் முறை போயிருக்கும், நானும் போயிருப்பேன். எல்லாம் சுத்தமாக முடிந்திருக்கும். இப்போது இந்தக் கடனை வேறு சுமக்க வேண்டும்.

மாத்திரைகள் போட்டாயிற்று. குமட்டல்.

மார்ச் 27, புதன்

பொதுக்கூட்டம். மறந்தே போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் பதினொன்றாவது: தோர்ஸ்தி கொடுத்த தீர்மானம். தம் முறைக்கு முன்பாக யாரும் சௌனா நடைவழியில் வந்து நிற்கக் கூடாது.

சங்கத் தலைவி வாசித்து முடித்தார். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டடம் முழுவதற்கும் கிறிஸ்துமஸ் கதை தெரியும். "முன்மொழிஞ்சவர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?"

எழுந்தேன். எட்டு மணி, குரல் போய்விட்ட நேரம். "திரும்பப் பெறுகிறேன்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன், இன்னும் மோசம். தாளில் எழுதித் தூக்கிக் காட்டினேன், கை அரை உயரத்துக்குமேல் போகவில்லை.

பின்வரிசையிலிருந்து இல்போ: "ஏன் வாத்தியாரே வாபஸ்? நல்ல தீர்மானம்தானே! இது மட்டும் போன வருஷமே நெறவேறியிருந்தா நான் நல்ல புள்ளையா ஏழு மணிக்கு வந்துருப்பேன், இன்னிக்குப் பதினொன்னாவது விஷயமே இருந்துருக்காது. எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்!"

கூடம் வெடித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இதற்குமுன் எப்போது அப்படி வந்தது என்று நினைவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. சிரித்தேன்.

என் முகத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

இல்போ மட்டும் நிறுத்தவில்லை.

மே 20, திங்கள்

பெண் குழந்தை. நேற்று விடியற்காலை. படத்தில் இடது கண் மூடியிருக்கிறது, வலது பாதி. என்னைப் போல என்று ஹில்லா எழுதியிருக்கிறாள். அது வேடிக்கையா?

வேடிக்கைதான் என்று பதில் போட்டேன்.

ஜூன் 12, புதன்

பள்ளியின் கடிதம். பகுதி ஓய்வூதியம், நூலகத்தில் வாரம் எட்டு மணி நேரம். வகுப்பு இல்லை. ஸாமுலி அடியில் கையால் எழுதியிருக்கிறான்: "உங்கள் பாடங்கள்தான் எனக்கு வரலாறு." இன்னும் ஆண்டைத் தப்பாகத்தான் போட்டிருக்கிறான். 2018 என்று.

கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன?

ஆகஸ்ட் 8, வியாழன்

பள்ளி திறந்தது. பிள்ளைகள் சத்தம் வரும் ஜன்னலை மூடிவைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டர் மெர்வி கைகளை முன்னால் நீட்டச் சொல்லி நொடி எண்ணினார். போன அக்டோபரில் இருபது. இன்று நூற்றுப் பத்து. "மருந்து பிடிச்சிருக்கு" என்றார். ஸ்டீராய்டை இன்னும் குறைக்கலாம். அஸாதியோப்ரின் தொடர வேண்டும், வருடக்கணக்கில். வெயிலில் நிற்காதே, மச்சங்களைக் கவனி, ரத்தம் மாதம் ஒரு முறை.

இன்று ரொட்டி முக்கால்வாசி. குரல் மாலை வரை நிற்கிறது. நிற்கிறது, சரி, யாரிடம் பேசுவது? கடைசி பெஞ்சே இல்லை. கொடுத்ததையெல்லாம், அது பயன்படுகிற இடத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கொடுக்கிறார்கள்.

கிளம்பும்போது கதவருகில் நின்றேன். அவரே சொன்னார், இந்த முறை முகத்தைப் பார்த்து: "கீழ்ப் பலகை. அடுப்பு அம்பது டிகிரியத் தாண்டக் கூடாது. பத்து நிமிஷம். தாழ்ப்பாள் போடக் கூடாது. கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒரு ஆள் இருக்கணும்."

ஆளுக்கு நான் எங்கே போவேன்?

அக்டோபர் 12, சனி

சங்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. பித்தளை, கனமானது. தோளால் பெயராது.

ஆறு மணிக்குப் போய்த் தாளில் கோடு போட்டேன். உடை மாற்றும் அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். ஆறு நாற்பதுக்கு உள்ளே போய்க் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தேன். சூடு என்று சொல்ல முடியாது. கோழிக் குஞ்சு பொரிக்கலாம். அரை அகப்பை ஊற்றினேன். கற்கள் முணுமுணுத்தன. முதுகு அதையும் வாங்கிக்கொண்டது.

ஒவ்வொரு நிமிடமும் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இருந்தது.

ஆறு ஐம்பது. கதவு ஆடியது.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!"

கடைசி எழுத்து வரை வந்தது. சுவரில் பட்டுத் திரும்பி என் காதிலேயே விழுந்தது.

"தெரியும், தெரியும்" என்றார் வெளியிலிருந்து. நடைவழிப் பெஞ்சு கிரீச்சிட்டது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம். செய்தித்தாளைப் புரட்டும் சத்தம்.

தாழ்ப்பாளை நான் போட்டிருக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.